பூங்காவுக்குப் பக்கத்தில் ஓர் அறை

பாகியோ,
மார்ச் 4

நெனித்தா,

சமாதானம் பேச எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே. இரண்டு கிறிஸ்துமஸ் பேசாமலே கழிந்துவிட்டது. மூன்றாவதும் அப்படியே போனால் என் கடை ஒன்றும் மூடிவிடாது. ஒரு காரியம் ஆக வேண்டும். அங்கே உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

என் மகள் ரீசலின் ஹாங்காங் வருகிறாள். வேலைக்கு இல்லை, சுற்றிப் பார்க்க. கோட்டையும் வாணவேடிக்கையும் இருக்கிறதே உங்கள் ஊரில், அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு. அவளையும் சேர்த்துத் தோழிகள் ஐந்து பேர், மூன்று ராத்திரி. காய்கறிக் கடை பெத்ராவின் மகள் டிவைனும் அதில் ஒருத்தி. ஒரு வருஷம் கால் சென்டரில் அமெரிக்காக்காரனிடம் திட்டு வாங்கிச் சம்பாதித்த காசு, போய் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

நீ சொல்ல வேண்டியது இவ்வளவுதான். பூங்காவுக்குப் பக்கத்தில் நல்லதாக, மலிவாகத் தங்கும் இடம் எது? இணையத்தில் போட்டிருக்கும் விலை எனக்கு வேண்டாம், அது வெளியூர்க்காரன் தலையில் கட்டுகிற விலை. எந்தக் கிழமை குறையும், எதில் மூட்டைப்பூச்சி, எதில் கதவு சரியாகப் பூட்டாது, அதைச் சொல். கடைக்குப் பழைய துணி மூட்டை, பேல், வாங்கும்போது நான் மேலே கிடக்கும் நல்ல சட்டையைப் பார்ப்பதில்லை, நடுவில் கையை விட்டுத்தான் பார்ப்பேன். அப்படிப் பார்த்துச் சொல்.

உன்னோடு தங்கவைக்கக் கேட்கவில்லை. முதலாளி வீட்டில் உனக்கே சமையலறைக்குப் பின்னால்தான் படுக்கை என்று தெரியும். அவள் கையில் துடைப்பம் கொடுக்கும் யோசனை இன்னும் உனக்கு இருந்தால் அதையும் அங்கேயே வைத்துக்கொள்.

பதிலைக் கடையின் இந்த மின்னஞ்சலுக்கே எழுது. என் கைபேசியில் எது வந்தாலும் ரீசலின் பார்த்துவிடுவாள். நான் உன்னிடம் இறங்கிவந்தேன் என்று தெரிந்தால் சிரிப்பாள்.

பெலிசா

*

ஹாங்காங்,
மார்ச் 5

அக்கா,

உன் கடிதத்தைக் கழிவறையில் உட்கார்ந்து படித்தேன். இந்த வீட்டில் கேமரா வைக்காத இடம் அது ஒன்றுதான். நான் கழுவியது என்பதால் சுத்தமாகவே இருந்தது. "என் மகள் ஊரான் வீட்டுக் கக்கூஸ் கழுவப் பிறக்கல" என்று, ரீசலினுக்கு இங்கே வேலை வாங்கித் தருகிறேன் என்றபோது நீ போனில் சொன்னது அங்கே உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான். உன் காரியத்துக்கு வருகிறேன்.

பூங்காவுக்குள்ளேயே இருக்கும் விடுதிகளை மறந்துவிடு. அங்கே ஒரு ராத்திரிக்குக் கொடுப்பதில் நீ ஒரு பேல் எடுக்கலாம். அதற்கு வெளியே நடந்து போகும் தூரத்தில் ஒன்றுமே கிடையாது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, நடுவில் பூங்காவுக்கென்றே ஒரு ரயில். "பூங்காவுக்கு அருகில்" என்று விளம்பரம் போட்டவன் எல்லாம் ஏதோ ஒரு ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறவன்தான்.

துங் சுங் கிட்டத்தில் இருக்கிறது. ஏர்போர்ட்டும் அங்கேதான், அதனால் அறைக்கு எண்ணூறு, ஆயிரம் ஹாங்காங் டாலர் கேட்பான். வெள்ளி, சனி என்றால் இன்னும் ஏறும். ச்சிம் ச்சா ச்சுய் பக்கத்து லாட்ஜில் முந்நூறுக்கே கிடைக்கும். ஆனால் ஜன்னல் இருக்காது, பெட்டியைக் கட்டில்மேல் ஏற்றித்தான் திறக்க வேண்டும், தீப்பிடித்தால் எந்தப் படியில் இறங்குவது என்று கடவுளுக்குத்தான் தெரியும். என் யோசனை சுன் வான். ஐந்நூறு டாலர், கதவு பூட்டும், இரண்டு தடவை ரயில் மாறினால் பூங்கா. எங்கள் மாதா கோவில் லிண்டாவின் அண்ணன் குடும்பம் அங்கேதான் தங்கினது. திங்கள், செவ்வாயில் வரச் சொல். ஐந்து பேருக்கு இரண்டு அறை போதும்.

முன்பதிவுத் தாளைக் கையிலேயே வைத்திருக்கட்டும். மணிலாவில் அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்கிறார்கள். எங்கே தங்குகிறாய், யார் பணம், எப்போது திரும்புகிறாய் என்று. போன மாதம் லிண்டாவின் மருமகளை வரிசையிலிருந்தே திருப்பி அனுப்பிவிட்டார்கள். விமானச் சீட்டுக் காசும் போச்சு, ஊரில் முகத்தைக் காட்டவும் முடியவில்லை.

என்னை அழைக்காதே, எழுது. பகலில் என் கைபேசி முதலாளியம்மா திருமதி லாவின் இழுப்பறையில் இருக்கும். பாப்பாவைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும்போது மட்டும் கையில் கொடுப்பாள்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நான் ரீசலினுக்கு ஞானத்தாய். நீ பேசாவிட்டாலும் அவள் என் பிறந்தநாளுக்குப் பொம்மைப் படம் அனுப்புகிறவள். நான் இருக்கும் ஊருக்கே வருகிறவள் என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

நெனித்தா

*

பாகியோ,
மார்ச் 7

நெனித்தா,

நீ கடைசியில் கேட்டதுதான் இரண்டு நாளாக என் தலைக்குள் சுற்றுகிறது.

யார் சொன்னது என்று சொல்லாமல் பேச்சை எடுத்தேன். "சுன் வான்ல ஐந்நூறு டாலருக்கு அறை கிடைக்குமாம்டி" என்றேன்.

சிரித்தாள். "ஐயோ அம்மா, எங்களுக்கு எல்லாம் ஆயிடுச்சு. யோலி மேடம் பாத்துக்கிட்டாங்க. பூங்காவுக்கு நடந்து போற தூரம். ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு எண்பது டாலர், காலைச் சாப்பாட்டோட."

"யாருடி யோலி மேடம்?"

"டிவைனுக்குத் தெரிஞ்சவங்க. டூர் ஏற்பாடு பண்றவங்க."

"நடந்து போற தூரத்துல ஓட்டலே கிடையாதாமே?"

"நீ மணிலாவத் தாண்டிப் போயிருக்கியா? ஹாங்காங் துணிய விக்கிறதால ஹாங்காங்கே தெரிஞ்சிடுமா?"

வாய் என் வாய்தான், எங்கே போகும். நானும் சிரித்துவிட்டுக் கடைக்கு வந்தேன். வந்து உட்கார்ந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

ஒற்றை ஆளாக இந்த மார்க்கெட்டில் பிழைத்தவள் நான். பாதி விலைக்கு ஒருத்தன் கொடுத்தால் சரக்கில் ஓட்டை இருக்கும், அதைத் தைத்து விற்றுவிடலாம். பூங்காவை ஒட்டிய அறைக்கு எண்பது என்பது போல, பத்தில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்தால் அது திருட்டுச் சரக்கு. அதுவும் இல்லை என்றால், வாங்க வந்தவளைத்தான் அவன் விற்கப் போகிறான்.

மற்றதையும் சொல்கிறேன். யோலி மேடம் இவர்களைக் கைபேசியில் முகம் பார்த்துப் பேசினாளாம். இங்கிலீஷ் பேசச் சொன்னாளாம், எவ்வளவு வேகமாகத் தட்டச்சு அடிப்பாய் என்று பார்த்தாளாம். பூங்காவில் ராட்டினம் ஏறத் தட்டச்சு எதற்கு? "அப்பா இருக்காரான்னு கேட்டாங்கம்மா, இல்லன்னேன், பரவால்லன்னாங்க" என்று ரீசலின் அதை வேடிக்கை மாதிரிச் சொன்னாள். மூன்று ராத்திரிக்குப் போகிறவள் படித்த சான்றிதழை எடுத்துப் பெட்டியில் வைத்திருக்கிறாள். நான் அதைப் பார்த்துவிட்டது அவளுக்குத் தெரியாது.

ஓட்டல் பெயர் கோல்டன் ஹார்பர் இன் என்று அவள் முன்பதிவுத் தாளில் இருந்தது. குவாய் சுங் முகவரி, கீழே அடித்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவுதானே. போய்ப் பார். வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடாதே, கதவைத் தட்டு.

எனக்கு என்ன பயம் என்று எழுத மாட்டேன். எழுதினால் நடந்துவிடும் போல இருக்கிறது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை, பதினைந்தாம் தேதி விமானம்.

பெலிசா

*

ஹாங்காங்,
மார்ச் 10, ஞாயிறு

அக்கா,

முதலில் இந்த ஒரு வரியைப் படி. அவளை அனுப்பாதே.

பூசை முடிந்ததும் போனேன். தனியாகப் போகப் பயந்து லிண்டாவையும் இழுத்துக்கொண்டு போனேன். அந்த முகவரி துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிறது. பூங்கா கடலுக்கு அந்தப் பக்கம். தெரு முழுக்க உறைந்த மீன் இறக்கும் லாரிகள். ஓட்டல் பலகை எங்கேயும் இல்லை. பழைய தொழிற்சாலைக் கட்டடம், கீழே காவலாளி ஒருவர் கிண்ணத்தை மடியில் வைத்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்தது மீன் கடையில் பேரம் பேசும் சீனம்தான், அது போதுமாக இருந்தது.

"ஐயா, இங்க ஓட்டல் இருக்குதா?"

"ஓட்டலா? ஆறாவது மாடியில பொண்ணுங்க தங்குவாங்க. அதுக்குப் பேரு ஓட்டலான்னு எனக்குத் தெரியாது."

"என்ன பொண்ணுங்க?"

"உங்க ஊருப் பொண்ணுங்கதான். பூங்கா படம் போட்ட பை ஒண்ணு எல்லாரு கையிலயும் இருக்கும். ஒரு ராத்திரி இருப்பாங்க, காலையில வேன் வரும்."

"பூங்காவுக்குப் போறதுக்கா?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. "எந்தப் பூங்காவுக்கும்மா அத்தாம் பெரிய பெட்டியத் தூக்கிட்டுப் போவாங்க? திரும்ப ஏர்போர்ட்டுக்குத்தான். டிரைவர் என்கிட்ட நெருப்பு வாங்கிப் பத்தவைப்பான், அவன் சொல்லுவான். தாய்லாந்தாம். அங்கேருந்து ஆத்தைத் தாண்டி எங்கயோ."

"திரும்பி வரும்போது இங்க தங்குவாங்களா?"

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "திரும்பி வந்து நான் பாத்ததில்ல."

நீ கதவைத் தட்டச் சொன்னாய். மேலே போனோம். இரும்புக் கதவு, பக்கத்தில் பெண்கள் செருப்பு அடுக்கியிருந்தது. உள்ளே யாரோ இருமினார்கள். அக்கா, பூட்டு வெளிப்பக்கம் தொங்கியது. லிண்டா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியில் ஓடினாள், நானும் ஓடிவிட்டேன். தட்டவில்லை. அந்த இருமல் இப்போதும் கேட்கிறது.

ஆற்றைத் தாண்டி என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். போன வருஷம் எங்கள் கோவில் நடத்தும் அடைக்கல இல்லத்தில் ஒரு பெண் வந்து தங்கினாள், அங்கிருந்து மீட்டவள். சுற்றிலும் உயரமான சுவராம். நாள் முழுக்கக் கணினிமுன் உட்கார்ந்து, வேறு பெயரில் முன்பின் தெரியாத ஆண்களுக்குக் காதல் எழுதி அவர்கள் பணத்தைக் கறக்க வேண்டுமாம். கறக்காத நாளில் அடி. வெளியே வர வேண்டுமானால் வீட்டார் விலை கொடுக்க வேண்டும். அவளுக்கும் தட்டச்சுதான் பார்த்தார்களாம்.

உன் வாய் எனக்குத் தெரியும். இந்த முறை கத்தாதே. நீ கத்தினால் அவள் போயே தீருவாள். சோறு போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்.

நெனித்தா

*

பாகியோ,
மார்ச் 11

நெனித்தா,

கத்திவிட்டேன்.

சோறு போட்டுத்தான் ஆரம்பித்தேன், நீ நம்ப மாட்டாய். மீன் வறுத்து வைத்தேன். "அது ஓட்டல் இல்லடி, வெளியில பூட்டு போட்ட வீடு" என்று மெதுவாகத்தான் சொன்னேன்.

"சரிம்மா, வேலைதான்! இப்ப தெரிஞ்சுபோச்சுல்ல?" என்று தட்டைத் தள்ளினாள். "தாய்லாந்துல கம்பெனி வேலை, மாசம் அறுபதாயிரம் பெசோ. வேலைன்னா மணிலாவுல ஆயிரம் தாள் கேப்பான். பூங்கான்னு சொன்னா சிரிச்சுக்கிட்டே முத்திரை குத்துவான். எல்லாரும் அப்படித்தான் போறாங்க."

"உன் சித்தி நேர்ல போய்ப் பாத்திருக்கா."

"சித்தியா? சித்தி நேர்வழியில வேலை வாங்கித் தர்றேன்னப்ப கக்கூஸ் கழுவறவன்னு சொன்னது யாரு? இன்னிக்கு அவ பேச்சு வேதவாக்கு ஆயிடுச்சா உனக்கு?"

அதற்கு மேல் என்ன பேசினேன் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள்.

பாஸ்போர்ட்டை முன்னாலேயே எடுத்து, கடையில் பிரிக்காத பேலுக்குள் சொருகிவைத்திருந்தேன். என் மகள் இல்லையா. நான் பல் துலக்கி வருவதற்குள் கடையைத் திறந்து, பேலின் நடுவில் கையை விட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பெத்ரா கடைக்கு ஓடினேன். ஐந்து பேரும் மணிலா பஸ் ஏறிவிட்டார்களாம், விமானம் வரைக்கும் யோலி அங்கே தங்கவைப்பாளாம். அவள் போய்க் கையசைத்து அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். "என்னக்கா நீ வரல? உன் பொண்ணு கண்ணெல்லாம் வீங்கியிருந்துச்சு, சண்டையா?" என்று கேட்டு, இரண்டு கத்தரிக்காயை என் கையில் திணித்தாள்.

அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். பிறகு கணக்குப் போட்டேன். சொன்னால் அவள் அங்கேயே ஒப்பாரி வைப்பாள், டிவைனை அழைப்பாள், டிவைன் யோலியிடம் சொல்வாள், யோலி வேறு தேதிக்கு மாற்றிவிடுவாள். வெள்ளிக்கிழமைக்குள் நான் தடுக்கப் பார்ப்பேன் என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருப்பதுதான் என் கையில் இருக்கும் ஒரே துருப்புச் சீட்டு. அதனால் கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல். நீ சொல்வதைச் செய்கிறேன்.

பெலிசா

*

ஹாங்காங்,
மார்ச் 12

அக்கா,

அந்த வெளிப்பூட்டையும் சொல்லி இங்கே போலீசில் கேட்டேன். குற்றம் நடந்த பிறகு வா என்கிறார்கள். இல்லத்துச் சிஸ்டர் சொன்ன வழி ஒன்றுதான் இருக்கிறது. நீ மணிலாவுக்குப் போ. ஏர்போர்ட்டில் குடியேற்ற அதிகாரிகளைப் பார். ஐந்து பேர் பெயரையும் கொடு. வேலைக்குத்தான் போகிறார்கள், பூங்காவுக்கு இல்லை, நிறுத்துங்கள் என்று சொல்.

இதைக் கேட்கிறேன் என்றால் என்ன கேட்கிறேன் என்று தெரிந்துதான் கேட்கிறேன். அவள் பெயருக்கு நேரே ஒரு குறி விழுந்துவிடும். நாளைக்கு உண்மையாகவே ஊர் பார்க்கப் போனாலும் தனியறையில் உட்காரவைப்பார்கள். நம் சனங்கள் எல்லாம் மெழுகுவத்தி ஏற்றுவது அந்த அதிகாரி விட்டுவிட வேண்டும் என்றுதான். பெற்றவளே போய்ப் பிடித்துக்கொடுத்தாள் என்று அவள் ஆயுசுக்கும் சொல்வாள். சொல்லட்டும். சொல்வதற்கு அவள் இருக்க வேண்டும்.

பெத்ராவிடம் சொல்லாதது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் பெற்றவள்தானே?

நெனித்தா

*

மணிலா ஏர்போர்ட்,
மார்ச் 13, பகல்

நெனித்தா, உன்னை நான்கு முறை அழைத்தேன். இழுப்பறையில் இருக்கும். இதைப் பார்த்த நிமிஷமே கிளம்பு.

காலையிலேயே அதிகாரியைப் பார்த்தேன். சின்னப் பையன். "அம்மா, இந்த மேசைக்கு வர்றவங்க எல்லாம் எங்க பொண்ண விட்டுடுங்க சார்னுதான் அழுவாங்க. நிறுத்துங்கன்னு வந்தது நீங்கதான்" என்றான். பெயர்களை எழுதிக்கொண்டான். வெள்ளிக்கிழமை வரிசையிலேயே எடுத்துவிடுகிறோம் என்றான். எனக்கு மூச்சு வந்தது. ஒரு காப்பி வாங்கி உட்கார்ந்தேன். அப்போது பெத்ரா அழைத்தாள்.

"அக்கா! பசங்க விமானம் ஏறப் போறாங்களாம்! கிளார்க் ஏர்போர்ட்லருந்து."

"கிளார்க்கா? இன்னிக்கா?"

"தேதியை முன்னாடி தள்ளிட்டாங்களே. டிவைன் நேத்தே சொன்னா. உனக்கு ரீசலின் சொல்லலியா? இன்னும் சண்டை தீரலியா உங்களுக்கு?"

நேற்றே அவளுக்குத் தெரியும். நான் வாயைத் திறந்திருந்தால் நேற்றே எனக்கும் தெரிந்திருக்கும். நான் ஒளித்துவைத்த துருப்புச் சீட்டு இதுதான்.

அந்தப் பையன் கிளார்க்குக்குப் போன் போட்டான். முத்திரை குத்தியாகிவிட்டது, விமானம் ஓடுபாதையில் இருக்கிறதாம். சாயங்காலம் உன் ஊரில் இறங்கும்.

எப்படியாவது பிடி. துடைப்பம் கொடு, கக்கூஸ் கழுவ வை, கட்டிப்போடு. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லி அவளை உன் பக்கம் இழு. அந்த வேனில் மட்டும் ஏறவிடாதே.

அக்கா

*

ஹாங்காங்,
மார்ச் 14

அக்கா,

அவள் இங்கே இருக்கிறாள். நேற்று அந்த ஒரு வரிதான் அனுப்ப முடிந்தது. மீதியை இப்போது எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பள்ளி வாசலில் பார்த்தேன். பாப்பாவை வீட்டில் கொண்டுபோய் விட்டால் நேரம் போதாது. விமானம் பார்க்கலாம் வா என்று சொல்லிக் கையோடு கூட்டிக்கொண்டு ரயில் ஏறிவிட்டேன். வழி முழுக்க என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன்.

வெளியே வரும் இடத்தில் கோட்டைப் படம் போட்ட அட்டையோடு ஒருவன் நின்றான். எவனோ சீனன் என்று நினைத்தேன். ஐந்து பேரும் வந்ததும் "வாங்க வாங்க தங்கச்சிங்களா, களைப்பா?" என்று நம் பாஷையில் பேசினான். நம் ஊர்ப் பையன், அக்கா. நல்ல வளர்ப்பு முகம். பேசிக்கொண்டே எல்லோர் பாஸ்போர்ட்டையும் வாங்கித் தன் பையில் போட்டான்.

நான் குறுக்கே போய் நின்றேன். ஒத்திகை பார்த்தது ஒன்றும் வரவில்லை. "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்டேன்.

"சித்தி?" என்றாள். "அம்மா அனுப்பினாளா? நான் வரமாட்டேன்."

"வராட்டிப் போ. ஆனா இன்னிக்கு ராத்திரி என்கூடத் தங்கு. ஞானத்தாய் இருக்கிற ஊருக்கு வந்துட்டு வேற எங்க தங்குவ?" அவனிடம் திரும்பினேன். "தம்பி, நாளைக்குக் காலையில நானே இவளப் பூங்கா வாசல்ல கொண்டாந்து விடறேன். எந்த வாசல்னு மட்டும் சொல்லு."

"அப்படியெல்லாம் மாத்த முடியாது ஆண்ட்டி."

"ஏன் முடியாது? பூங்காவுக்குத்தானே வந்திருக்கீங்க?"

பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அவனால் ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

"சரி, இவ பாஸ்போர்ட்டக் குடு."

"ஓட்டல்ல வச்சுக் குடுக்கறேன்."

"அவ கையிலதானே வாங்கின? அவ கையிலயே குடு."

"ஓட்டல்லன்னு சொன்னேன்ல?" என்றான். குரல் மாறிவிட்டது. அப்போதுதான் ரீசலின் என்னை விட்டு அவன் முகத்தைப் பார்த்தாள். "அண்ணா, என்னோடதக் குடுங்க" என்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

நான் சீனத்தில் கத்தினேன். மீன்காரி மாதிரிக் கத்தினேன். பாப்பாவும் பயந்து அழ ஆரம்பித்தாள். போலீஸ்காரர்கள் திரும்பினார்கள். அவன் ரீசலினுடையதை எடுத்து அவள் கையில் வைத்து, "எதுக்கு ஆண்ட்டி கோபம்?" என்று சிரித்துவிட்டு, மற்ற நான்கு பேரையும் தள்ளிக்கொண்டு நடந்தான்.

"டிவைன், வாடி! போகாத!" என்று ரீசலின் கூப்பிட்டாள். டிவைன் நின்றாள். என்னைப் பார்த்தாள், அழுகிற குழந்தையைப் பார்த்தாள். "வேலை போயிடும்டி" என்று சொல்லிவிட்டு ஓடிப்போய் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். நான் போலீசுக்குப் புரியவைத்து முடிப்பதற்குள் வேன் போய்விட்டது. வெள்ளை வேன். எண்ணில் பாதிதான் ரீசலினுக்கு நினைவிருக்கிறது.

ராத்திரியே கெஞ்சியும் இன்று காலைதான் சிஸ்டரும் போலீசும் குவாய் சுங் போனார்கள். ஆறாவது மாடி திறந்து கிடந்ததாம். செருப்பு ஒன்றும் இல்லையாம்.

ரீசலின் கோவில் இல்லத்தில் இருக்கிறாள். கழுவின தட்டையே எடுத்து மறுபடி கழுவுகிறாள். டிவைனுக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறாள், மணி கூட அடிக்கவில்லை.

திருமதி லாவ் சத்தம் போடவில்லை. "என் குழந்தைய என்னைக் கேக்காம எங்க கூட்டிட்டுப் போன?" என்று ஒரே ஒரு கேள்வி. பதில் சொன்னேன். காது கொடுத்துக் கேட்டாள், கேட்டுவிட்டு என்னை வேலைக்கு வைத்த முகவர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளும் பயந்துபோய்த்தான் இருந்தாள். என் பெட்டியும் கட்டியாகிவிட்டது. எனக்கும் ஒரு விமானச் சீட்டுப் பார்.

நெனித்தா

*

பாகியோ,
மார்ச் 16

நெனித்தா,

இரண்டு பேருக்கும் சீட்டு எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை, ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. அவளை ஜன்னல் பக்கம் உட்காரவை. இறங்கும்போது நான் நிற்பேன். பேச மாட்டாள் என்றால் பேச வேண்டாம், நானும் வாயைத் திறக்க மாட்டேன். மாடி அறையை உனக்கு ஒழித்துவைத்திருக்கிறேன். வேலை போனதற்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, நேரில் வா.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, உள்ளதைச் சொல்கிறேன். உன் ஒரு வரியைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. நடுத்தெருவில் மண்டியிட்டேன். மற்ற நான்கு பேர் நினைவு எனக்கு மறுநாள்தான் வந்தது.

பெத்ரா தினமும் வருகிறாள். முதல் நாள், "டிவைன் போன் எடுக்க மாட்டேங்கறா, அங்க சிக்னல் இல்லபோல" என்றாள். நான் "ம்" என்றேன். நேற்று, "ரீசலின் பேசினாளாக்கா? படம் ஏதாவது அனுப்பினாளா?" என்றாள். கடையில் கூட்டம் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். கூட்டம் இல்லை.

இப்போது வந்திருக்கிறாள். எதிரில் நிற்கிறாள்.

"அக்கா, உன் தங்கச்சி அந்த ஊர்லதானே இருக்கா? அவளக் கொஞ்சம் கேட்டுச் சொல்லேன். நல்ல ஓட்டல்தானே அது? பூங்காவுக்குப் பக்கம்னாங்க, நடந்து போற தூரம்னாங்க. எண்பது டாலருக்கு அப்படி ஒண்ணு கிடைச்சது அதிர்ஷ்டம்தான், இல்ல?"

"உக்காரு பெத்ரா" என்றேன்.

"என்னக்கா, பேரம் படியாத மாதிரி மூஞ்சிய வச்சிருக்க?" என்று சிரித்துக்கொண்டே பேல்மேல் உட்கார்ந்தாள்.

ஒரு அவசரக் கடிதம், அனுப்பிவிட்டுப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டு உனக்கு இதை அடித்துக்கொண்டிருக்கிறேன். வேன் எண்ணில் ரீசலினுக்கு நினைவிருக்கும் பாதியை அனுப்பு. அட்டையோடு நின்ற அந்தப் பையனின் முகத்தில் மச்சமோ தழும்போ இருந்தால் எழுது. காவலாளி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுது. யோலியின் படம் ரீசலினிடம் இருக்கும், அதையும் வாங்கு. கடையை மூடிவிட்டு இவளோடு நாளைக்கே மணிலா போகிறேன். அந்த அதிகாரிப் பையன் மேசையிலிருந்து ஆரம்பிப்போம். எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியாது.

இன்னும் ஏதாவது எழுதலாமா என்று யோசிக்கிறேன். எழுத ஒன்றும் இல்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

பெலிசா